எண்ணிம உயரத் தரவு மாற்றம்

எண்ணிம உயரத் தரவு மாற்றம் என்பது, நிலப்பரப்பின் உயரங்களை எண்களாகக் கொண்ட கோப்புகளை, நிலத்தோற்றங்களைப் படமாக வரையும் மென்பொருள்கள் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றும் செயல்முறை ஆகும். உயரத் தரவுக் கோப்புகள் பெரும்பாலும் புவியியல், நில அளவைப் பணிகளுக்காக உருவாக்கப்பட்டவை. டெர்ராஜென், பிளெண்டர், போவ்-ரே போன்ற படமாக்க மென்பொருள்களும் விளையாட்டுப் பொறிகளும் அவற்றை வேறு அளவிலும் வேறு வரிசையிலும் எதிர்பார்க்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலான மாற்றத்தில் ஏற்படும் பிழைகளை மென்பொருள் பெரும்பாலும் சுட்டிக்காட்டுவதில்லை. பிழையான தரவிலிருந்தும் ஓர் அழகிய மலைக்காட்சி கிடைத்துவிடக்கூடும்.

இக்கட்டுரையில் தாமிரபரணி ஆற்றுப் பள்ளத்தாக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகச் சென்று புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இதன் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். மேற்கே அகத்தியமலை 1,868 மீட்டர் உயரம் கொண்டது. திருநெல்வேலி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 47 மீட்டர் உயரத்திலேயே உள்ளது. செங்குத்தான மலையும் மிகத் தட்டையான வயல்வெளியும் ஒரே சட்டகத்துக்குள் அமைவதால், உயரத் தரவு மாற்றத்தின் இடர்ப்பாடுகள் பலவற்றை இப்பள்ளத்தாக்கில் தெளிவாகக் காணலாம்.

தரவு மூலங்கள்

இந்தியாவில் உயரங்களை அளக்கும் பணி, வில்லியம் லாம்டன் 1802 இல் சென்னையில் தொடங்கிய முக்கோண அளவையின் வழியே விரிவடைந்தது. பின்னர் இந்திய நில அளவைத் துறையின் நிலவரைபடங்களில் உயரங்கள் சமவுயரக் கோடுகளாக வரையப்பட்டன. கடலோர, எல்லையோரப் பகுதிகளின் விரிவான வரைபடங்கள் நெடுங்காலம் பொதுமக்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. 2021 இல் வெளியான புவிவெளித் தரவு வழிகாட்டுதல்கள் இந்நிலையைப் பெரிதும் தளர்த்தின. அதற்கு முன்னரே, விண்வெளியிலிருந்து அளக்கப்பட்ட தரவுகள் மாணவர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தன.

அவற்றுள் முதன்மையானது எஸ்.ஆர்.டி.எம். எனப்படும் விண்ணோட ரேடார் நிலவுருவ அளவைத் திட்டம் ஆகும். 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 60 மீட்டர் நீளமுள்ள கம்பத்தின் இரு முனைகளிலும் ரேடார் உணரிகளைக் கொண்டு 11 நாட்கள் புவியைச் சுற்றியது. வடக்கே 60 பாகை முதல் தெற்கே 56 பாகை வரையுள்ள நிலப்பரப்பு அளக்கப்பட்டது. இந்தியப் பகுதிக்கு முதலில் 3 விகலை இடைவெளியுள்ள தரவே வெளியிடப்பட்டது. விகலை என்பது ஒரு பாகையின் 3,600 இல் ஒரு பங்காகும். 1 விகலைத் தரவு 2014 முதல் உலகின் பிற பகுதிகளுக்கும் படிப்படியாகத் திறந்துவிடப்பட்டது.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2005 மே 5 அன்று ஏவிய கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளின் இரட்டை ஒளிப்படக் கருவிகளைக் கொண்டு கார்ட்டோடெம் என்ற உயரத் தரவு உருவாக்கப்பட்டது. இது புவன் தளத்தின் வழியாகக் கிடைக்கிறது. சப்பானும் நாசாவும் இணைந்து 2009 இல் வெளியிட்ட ஆஸ்டர் தரவு, ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் தரவு ஆகியனவும் பயன்பாட்டில் உள்ளன. இவை ஒவ்வொன்றின் கோப்பு வடிவமும் உயரத் தொடக்கமும் வேறுபடக்கூடும் என்பதை மறத்தலாகாது.

கோப்பின் அமைப்பு

எஸ்.ஆர்.டி.எம். கோப்பு ஒன்று ஒரு பாகை அகலமும் ஒரு பாகை உயரமும் கொண்ட கட்டத்தைக் குறிக்கும். அதன் தென்மேற்கு மூலையின் அகலாங்கும் நெட்டாங்குமே கோப்பின் பெயராகும். வடக்கு 8, கிழக்கு 77 என்ற கட்டத்தில் அகத்தியமலை, பாபநாசம், மணிமுத்தாறு, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் ஆகியவை அடங்குகின்றன. இந்திய நில அளவைத் துறையின் 58 எச் என்ற வரைபடத் தாளும் இதே பரப்பையே குறிக்கிறது.

இக்கோப்பில் தலைப்புத் தகவல் எதுவும் இல்லை. உயர எண்கள் மட்டுமே உள்ளன. 1 விகலைக் கோப்பில் 3,601 வரிசைகளும் ஒவ்வொரு வரிசையிலும் 3,601 எண்களும் உள்ளன. ஓர் எண்ணுக்கு 2 பைட்டுகள் வீதம் கோப்பின் அளவு 2,59,34,402 பைட்டுகள் ஆகும். 3 விகலைக் கோப்பில் 1,201 வரிசைகள். அதன் அளவு 28,84,802 பைட்டுகள். கோப்பின் அளவைக் கொண்டே அது எவ்வகை என்பதை அறியலாம். பதிவிறக்கம் பாதியில் நின்றதா என்பதைக் கண்டறியவும் இதுவே எளிய வழி.

எண்கள் வடமேற்கு மூலையில் தொடங்கி, மேற்கிலிருந்து கிழக்காக, வரிசை வரிசையாகத் தெற்கு நோக்கிச் செல்கின்றன. வடக்கு 8.73 பாகை, கிழக்கு 77.70 பாகையில் உள்ள திருநெல்வேலியின் உயரத்தைக் காண, 9 இலிருந்து 8.73 ஐக் கழித்து 3,600 ஆல் பெருக்கினால் 972 ஆவது வரிசை கிடைக்கும். 0.70 ஐ 3,600 ஆல் பெருக்கினால் 2,520 ஆவது நிரல் கிடைக்கும். இரண்டும் சுழியிலிருந்து எண்ணப்படுபவை. எனவே அவ்வுயரம் கோப்பின் தொடக்கத்திலிருந்து 70,05,384 பைட்டுகளைக் கடந்த இடத்தில் உள்ளது. சில மென்பொருள்கள் வரிசைகளைத் தெற்கிலிருந்து எண்ணும். அவ்வாறாயின் படம் தலைகீழாகி, களக்காட்டு மலைகள் வடக்கிலும் குற்றால மலைகள் தெற்கிலும் தோன்றும்.

பைட்டு வரிசை

எஸ்.ஆர்.டி.எம். கோப்பில் ஒவ்வோர் எண்ணின் உயர்மதிப்புப் பைட்டு முதலில் வருகிறது. மேசைக் கணினிகளில் இயங்கும் மென்பொருள்களுள் பல தாழ்மதிப்புப் பைட்டை முதலில் எதிர்பார்க்கின்றன. பைட்டுகளை இடம் மாற்றாமல் படித்தால் திருநெல்வேலியின் 47 மீட்டர் 12,032 மீட்டராகிவிடும். அதாவது எவரெஸ்ட்டையும் விஞ்சிவிடும். அகத்தியமலையின் 1,868 மீட்டர் 19,463 ஆகும். ஆனால் சரியாக 256 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்றுச் சரிவு 1 மீட்டராகத் தாழ்ந்துவிடும். இதனால் படம் முழுவதும் ஊசிகள் நட்டதுபோல் காட்சியளிக்கும். கண்டவுடன் தெரிந்துவிடுவதால் இப்பிழையால் தீங்கு குறைவு.

தரவில்லாப் புள்ளிகள்

செங்குத்தான சரிவுகளின் நிழற்பகுதியை ரேடார் காண்பதில்லை. நீர்ப்பரப்புகளிலிருந்தும் எதிரொலி சரியாகத் திரும்புவதில்லை. இத்தகைய இடங்களில் −32,768 என்ற எண் இடப்பட்டிருக்கும். முதற்பதிப்புகளில் மேற்குத் தொடர்ச்சி மலை போன்ற செங்குத்தான பகுதிகளில் இவ்வெற்றிடங்கள் மிகுதி. பிற்காலப் பதிப்புகளில் அவை பெரும்பாலும் பிற தரவுகளால் நிரப்பப்பட்டுள்ளன.

இவ்வெண்ணை உண்மையான உயரமாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள், மிகத் தாழ்ந்த புள்ளிக்கும் மிக உயர்ந்த புள்ளிக்கும் இடையே 34,636 மீட்டர் வேறுபாடு இருப்பதாகக் கணக்கிடும். அப்போது கடல்மட்டம் முதல் அகத்தியமலை உச்சி வரையுள்ள நிலம் முழுவதும் அவ்விடைவெளியில் 5.4 விழுக்காட்டுக்குள் நசுங்கிவிடும். பைட்டு வரிசையும் தவறாக இருந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும். −32,768 என்பது 128 மீட்டராக மாறி, உண்மையான உயரங்களுக்கிடையே மறைந்துகொள்ளும்.

வெற்றிடங்களை நிரப்பும் பணியை மற்ற எல்லா மாற்றங்களுக்கும் முன்னதாகவே செய்ய வேண்டும். மறு கூறெடுப்பின்போது அண்டைப் புள்ளிகளின் சராசரி எடுக்கப்படுகிறது. 1,200 மீட்டருக்கும் −32,768 க்கும் சராசரி −15,784 ஆகும். அவ்வெண்ணைப் பார்த்து அது வெற்றிடம் என்று அதன்பின் எந்த மென்பொருளாலும் கண்டுகொள்ள இயலாது.

கட்டங்களை இணைத்தல்

தாமிரபரணியின் முகத்துவாரம் முதற் கட்டத்தில் இல்லை. ஆறு ஸ்ரீவைகுண்டத்தைக் கடந்த பின் 78 பாகை நெட்டாங்கைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் நுழைகிறது. வடக்கே கடையநல்லூர், சங்கரன்கோவில் பகுதிகள் 9 பாகை அகலாங்குக்கு மேல் உள்ளன. எனவே சிற்றாற்றின் வடபகுதித் துணையாறுகளையும் சேர்த்து வரைய விரும்புவோருக்கு மேலும் கட்டங்கள் தேவைப்படும்.

அடுத்தடுத்த இரு எஸ்.ஆர்.டி.எம். கட்டங்கள் ஒரு நிரலைப் பொதுவாகக் கொண்டுள்ளன. எனவே இணைத்த கோப்பின் அகலம் 7,202 அன்று, 7,201 ஆகும். பொது நிரலை இருமுறை எண்ணினால் ஆற்றின் குறுக்கே ஒரு மெல்லிய தட்டைக்கோடு தோன்றும். கோப்பர்நிக்கஸ் கட்டங்களில் இப்பொது நிரல் இல்லை. அவை 3,600 நிரல்கள் கொண்டவை.

78 பாகை நெட்டாங்கு மற்றொரு வகையிலும் எல்லையாகும். யூ.டி.எம். எறியத்தின் 43 ஆம் மண்டலம் அங்கே முடிந்து 44 ஆம் மண்டலம் தொடங்குகிறது. அக்கோட்டின்மேல் உள்ள ஓரிடத்தின் கிழக்குத் தொலைவு ஒரு மண்டலத்தில் ஏறத்தாழ 830 கிலோமீட்டர், மற்றதில் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். இரு கட்டங்களையும் தனித்தனியே அவற்றின் மண்டலத்துக்கு மாற்றிப் பின்னர் இணைக்க முயன்றால் அவை ஒன்றோடொன்று பொருந்தா. முதலில் பாகை அளவிலேயே இணைத்து, பின்னர் முழுவதையும் 43 ஆம் மண்டலத்துக்கு மாற்றுவதே முறையாகும். முகத்துவாரம் மண்டல எல்லையைச் சற்றே கடப்பதால் ஏற்படும் திரிபு படமாக்கத்துக்குப் பொருட்படுத்தத்தக்கதன்று.

எறிய மாற்றமே செய்யாமல் பாகைக் கட்டத்தை நேரடியாகப் பயன்படுத்துவோரும் உண்டு. வடக்கு 60 பாகையில் ஒரு விகலையின் கிழக்கு–மேற்கு நீளம் வடக்கு–தெற்கு நீளத்தில் பாதியே என்பதால், அங்கு அவ்வாறு செய்தால் நிலம் இருமடங்கு அகன்றுவிடும். திருநெல்வேலியில் ஒரு விகலை வடக்கு–தெற்காக 30.7 மீட்டர், கிழக்கு–மேற்காக 30.6 மீட்டர். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் கிடைத்த வசதி இது.

உயரத்தின் தொடக்கம்

இப்பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை எளிதில் கவனத்துக்கு வராததும் பெருந்தவறுக்கு இடமளிப்பதும் இதுவே. உயரம் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பதற்கு இரு வழக்கங்கள் உள்ளன. ஒன்று, சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டிய ஜியாய்டு எனப்படும் ஒழுங்கற்ற பரப்பு. மற்றொன்று, புவியை ஒழுங்கான நீள்கோளமாகக் கொள்ளும் கணிதப் பரப்பு. எஸ்.ஆர்.டி.எம்., ஆஸ்டர், கோப்பர்நிக்கஸ் ஆகியவற்றின் உயரங்கள் ஜியாய்டிலிருந்து அளக்கப்பட்டவை. கார்ட்டோடெம் உயரங்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84 நீள்கோளத்திலிருந்து அளக்கப்பட்டவை.

உலகின் பல பகுதிகளில் இவ்விரு பரப்புகளுக்கும் இடையிலான வேறுபாடு சில பத்து மீட்டர்கள் மட்டுமே. ஆனால் உலகிலேயே ஜியாய்டு மிகவும் தாழ்ந்துள்ள இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது. அங்கு அது நீள்கோளத்துக்கு ஏறத்தாழ 106 மீட்டர் கீழே உள்ளது. அத்தாழ்வின் விளிம்பில் அமைந்த தென்தமிழகத்திலும் வேறுபாடு 90 மீட்டருக்கு மேற்பட்டது. எனவே கார்ட்டோடெம் கோப்பில் திருநெல்வேலியின் உயரம் −40 மீட்டருக்கும் கீழான எண்ணாகப் பதிவாகியிருக்கும். இது தரவின் பிழை அன்று; அளவையின் தொடக்கம் வேறு என்பதே காரணம்.

படமாக்க மென்பொருளில் கடல்மட்டம் பொதுவாகச் சுழி என வைக்கப்படுகிறது. இவ்விரண்டும் சேர்ந்தால், புன்னைக்காயலில் இருக்கவேண்டிய கடற்கரை மேற்கே மலையடிவாரத்தை நோக்கி நகர்ந்துவிடும். ஸ்ரீவைகுண்டமும் திருநெல்வேலியும் சேரன்மாதேவியும் நீருக்குள் மூழ்கிவிடும். எதிர்ம எண்களை ஏற்காத வடிவத்துக்கு மாற்றினாலோ, அவை எல்லாம் சுழியாக வெட்டப்பட்டு, நெல்வயல் பரப்பு முழுவதும் ஒரே தட்டையான பலகையாகும். இரண்டு நிலையிலும் பொதிகை மலைத்தொடர் பழுதின்றியே தோன்றும். மலையை மட்டும் பார்த்து முடிவு செய்பவர் பிழையை உணரமாட்டார்.

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய ஜியாய்டு வேறுபாட்டைக் கணக்கிட்டு உயரத்தைத் திருத்துவதாகும். ஜிடால் என்ற கட்டற்ற மென்பொருள் நூலகத்தின் கருவிகள் இதைச் செய்யவல்லவை. இரு மூலங்களின் தரவை ஒன்றாக ஒட்டுவதற்கு முன்பு இத்திருத்தம் இன்றியமையாதது. இல்லையேல் ஒட்டிய இடத்தில் 90 மீட்டர் உயரச் செங்குத்துச் சுவர் எழும்பும்.

உயரப் படிகள்

பல மென்பொருள்கள் உயரத் தரவைச் சாம்பல்நிறப் படமாக ஏற்கின்றன. கருமை தாழ்வையும் வெண்மை உயர்வையும் குறிக்கும். 8 பிட்டுப் படத்தில் 256 சாயல்கள் மட்டுமே உள்ளன. சுழி முதல் 1,868 மீட்டர் வரையுள்ள உயரத்தை அவற்றில் பங்கிட்டால் ஒரு சாயலுக்கு 7.3 மீட்டர் ஆகும். திருநெல்வேலியிலிருந்து கடல் வரையுள்ள 47 மீட்டர் இறக்கத்துக்கு ஆறு அல்லது ஏழு சாயல்களே மிஞ்சும். ஏறத்தாழ 46 கிலோமீட்டர் நேர்த்தொலைவில் சராசரியாக 7 கிலோமீட்டருக்கு ஒன்றாகப் பெரும் படிக்கட்டுகள் தோன்றும். ஆற்றின் தாழ்வும் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிமணல் மேடுகளின் மென்மையான வளைவும் அப்படிகளில் சிதைந்துவிடும். மலையிலோ 7 மீட்டர்ப் படி கண்ணுக்குத் தெரியாது.

1:50,000 அளவு நிலவரைபடத்தின் 20 மீட்டர்ச் சமவுயரக் கோடுகளிலிருந்து தாமாகவே உயரத் தரவு உருவாக்க முயல்வோர் இதைவிடப் பெரிய இடர்ப்பாட்டைச் சந்திப்பர். அவ்விறக்கத்தில் 40 மீட்டர், 20 மீட்டர் என இரண்டு கோடுகளே கிடைக்கும்.

16 பிட்டு வடிவத்தில் 65,536 படிகள் உள்ளதால் ஒரு படி 3 சென்டிமீட்டர் அளவே ஆகும். அதற்காகத் தரவின் துல்லியம் 3 சென்டிமீட்டர் என்று கொள்ளலாகாது. மூல எண்கள் முழு மீட்டர்களே. ஆயினும் மறு கூறெடுப்பில் கிடைக்கும் பின்ன மதிப்புகள் காக்கப்பட்டு, சரிவுகள் வழவழப்பாக அமையும்.

டெர்ராஜென் வடிவம்

டெர்ராஜென் கோப்பில் உயரங்கள் −32,768 முதல் 32,767 வரையுள்ள எண்களாக, தாழ்மதிப்புப் பைட்டு முதலில் வருமாறு சேமிக்கப்படுகின்றன. கோப்பின் தலைப்பில் அடி உயரம், உயர அளவுகோல் என இரு எண்கள் இருக்கும். சேமித்த எண்ணை உயர அளவுகோலால் பெருக்கி, 65,536 ஆல் வகுத்து, அடி உயரத்தைக் கூட்டினால் உண்மை உயரம் கிடைக்கும். ஆனால் இது மீட்டரில் அன்று, கிடைமட்டக் கட்டத்தின் அலகில் கிடைக்கும். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுவே.

ஓர் அலகு 30.6 மீட்டர் எனக் கொண்டால் அகத்தியமலை 61 அலகு உயரமாகும். அடி உயரத்தை 31 என்றும் அளவுகோலை 64 என்றும் அமைத்தால், −1 முதல் 63 அலகு வரை, அதாவது −31 மீட்டர் முதல் 1,928 மீட்டர் வரை இடம் கிடைக்கும். பள்ளத்தாக்கு முழுவதும் அதற்குள் அடங்கும்.

விளையாட்டுப் பொறிகள் பல, கட்டத்தின் பக்கம் 513, 1,025, 2,049, 4,097 என இரண்டின் அடுக்கைவிட ஒன்று மிகுதியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. 3,601 ஐ 4,097 ஆக நீட்டுவதைவிட, 2,049 அளவுக்கு வெட்டி எடுத்தல் நன்று. அதன் பக்கம் ஏறத்தாழ 63 கிலோமீட்டர். அகத்தியமலையும் திருநெல்வேலியும் அதற்குள் வசதியாக அடங்கும்.

காட்சியமைப்பு

திருநெல்வேலியிலிருந்து அகத்தியமலை ஏறத்தாழ 51 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தட்டையான புவி என்று கணக்கிட்டால் உச்சி தொடுவானத்துக்கு மேல் 2 பாகை உயரத்தில் தோன்ற வேண்டும். ஆனால் இத்தொலைவில் புவியின் வளைவு உச்சியை ஏறத்தாழ 200 மீட்டர் கீழிறக்குகிறது. ஆகவே தோற்ற உயரம் 1.8 பாகை அளவே. வளைவைக் கணக்கில் கொள்ளாத மென்பொருளில் மலை பத்தில் ஒரு பங்கு உயர்ந்து தோன்றும். டெர்ராஜெனில் வளைவைச் சேர்ப்பதற்கான தெரிவு உண்டு.

1.8 பாகை என்பது முழுநிலவின் அகலத்தைப்போல் மூன்றரை மடங்குதான். மனிதர் மனத்தில் உள்ள பொதிகை இதைவிடப் பெரியது. ஆதலால் படம் வரைவோர் உயரத்தை மூன்று, நான்கு மடங்காக மிகைப்படுத்துவர். சுற்றுலாப் படங்களுக்கு இது தவறன்று. எனினும் மிகைப்படுத்திய மடங்கைப் படத்தின் அடியில் குறிப்பிடுதல் வேண்டும்.

தரவு காட்டாதவை

30 மீட்டர்க் கட்டத்தில் ஆற்றின் பல கூறுகள் இடம்பெறுவதில்லை. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியின் குறுக்கே அமைந்த எட்டு அணைக்கட்டுகளும் தாழ்வான கல்கட்டுமானங்கள். உயரத் தரவில் அவை தெரிவதில்லை. குளங்களின் கரைகளும் அவ்வாறே. களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் அடர்காடுகளில் ரேடார் தரையை முழுமையாக எட்டுவதில்லை. பதிவாகியிருப்பது மர உச்சிகளை ஒட்டிய உயரமே. பாபநாசம், மணிமுத்தாறு நீர்த்தேக்கங்களில் காணப்படுவது அளவை நாளின் நீர்மட்டமாகும். அணைக்கு முந்திய பள்ளத்தாக்கை வரைய விரும்புவோர் அந்நீர்ப்பரப்பின் அடியை வேறு வழியில்தான் பெற வேண்டும்.

வெள்ளத்தை விளக்கும் படங்களில் இவ்வரம்புகள் பெரிதும் பொருட்படுத்தத்தக்கவை. தாமிரபரணி 1992 நவம்பரிலும் 2023 திசம்பரிலும் பெருவெள்ளம் கண்டது. 2023 திசம்பர் 17–18 இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. படமாக்க மென்பொருளில் நீர்த்தளத்தைச் சில மீட்டர் உயர்த்தினால் எந்த ஊர் மூழ்கும் என்பதைக் காட்டும் படம் சில நிமிடங்களில் கிடைத்துவிடும். ஆனால் எஸ்.ஆர்.டி.எம். திட்டம் தனக்கு வகுத்துக்கொண்ட செங்குத்துத் துல்லியம், பத்தில் ஒன்பது புள்ளிகளில் 16 மீட்டருக்குள் என்பதே. நடைமுறையில் பிழை இதைவிடக் குறைவாகவே காணப்பட்டாலும், வீடுகளுக்குள் புகும் இரண்டு மூன்று மீட்டர் நீரைத் தீர்மானிக்க அது போதாது. மேலும், வெள்ளநீர் ஏரியைப்போல் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. மேட்டிலிருந்து கடலை நோக்கிச் சரிந்து ஓடுகிறது. குளக்கரை உடைப்பும் சாலை, தொடர்வண்டிப் பாதை மேடுகளும் அதன் போக்கை மாற்றுகின்றன. இவை எவையும் இத்தரவில் இல்லை. ஆகவே இவ்வாறு வரையப்படும் படத்தில், பயன்படுத்திய தரவு, அதன் உயரத் தொடக்கம், மிகைப்படுத்திய மடங்கு ஆகியவற்றுடன், அது வெள்ள அபாய வரைபடம் அன்று என்ற குறிப்பையும் சேர்ப்பது வழக்கம்.